குன்னூர்க் காற்றை அறிந்த புஷ்பராணி

பர்லியார் தாண்டி ஏற்றத்தில் ஒரு வாடகைக் காரை ஓட்டிச் சோதித்துக்கொண்டு வந்தபோது எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி போனில் கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினேன். "நம்ம புஷ்பராணி போயிடுச்சப்பா. காலைல கோத்தகிரி ஆஸ்பத்திரில..." என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்க்காரரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ, இனி வண்டிய யாருகிட்டங்க காட்டறது?" என்றார். அவருடைய வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். முப்பது ஆண்டுகளாக மெக்கானிக். இறந்துபோனவர் மீது அந்த நொடியிலும் எனக்குப் பொறாமை வந்தது. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

புஷ்பராணி குன்னூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து பதினாறு ஆண்டுகள் இருக்கும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். ஐ.டி.ஐ. படித்திருந்தார். பேட்டரி, விளக்கு வேலைக்குத்தான் எடுத்தார்கள். ஆறே மாதத்தில், வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்தம்மா இல்லீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோளாறே இல்லாத வண்டிக்கும், எஞ்சினின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, எண்களை நோட்டில் எழுதிக்கொள்வார். "நல்லா ஓடற வண்டிய எதுக்கம்மா பார்க்கறே?" என்று கேட்டேன். "நல்லது எப்படி இருக்கும்னு தெரியாட்டி கெட்டத எப்படிண்ணே கண்டுபுடிக்கிறது?" என்றார். எனக்குத் தோன்றாத பதில். அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது.

கோவையில் நடந்த ஒரு பயிற்சிக்கு எங்களில் ஒருவரை அனுப்ப முதலாளி நினைத்தார். புஷ்பராணியைத்தான் அனுப்புவார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் ஒரு வண்டியின் ஏர் ஃப்ளோ சென்சாரை நான் சுத்தம் செய்தேன். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்லும் கருவி அது. உள்ளே மயிரிழை போன்ற ஒரு கம்பி இருக்கும், அதைத் தொடவே கூடாது. அவசரத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டேன். கம்பி அறுந்தது. சென்சாரைப் புஷ்பராணியின் மேசையில் வைத்துவிட்டு, முதலாளி கேட்டபோது, "கடைசியா அந்தம்மாதானுங்க தொட்டது" என்றேன். பயிற்சிக்கு நான் போனேன்.

கிளம்பும் நாளில் அவர் என்னருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். "உடைச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும்ணே. எனக்குத் தெரியும்ங்கறது உங்களுக்கும் தெரியட்டும். அவ்வளவுதான்." முதலாளியிடம் அவர் போகவில்லை. அதன்பிறகு தன் ஸ்பேனர் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்.

சான்றிதழோடு திரும்பிய சில நாட்களில் ஊட்டியிலிருந்து ஒரு டீசல் டாக்ஸி வந்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே ஸ்கேனரை மாட்டினேன். காற்றின் அளவு, கோவையில் சொல்லிக்கொடுத்த எண்ணைவிடக் குறைவாக இருந்தது. சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டேன். அதே எண். இன்னொன்று போட்டேன். அதே எண். டாக்ஸிக்காரர் நேராகப் புஷ்பராணியிடம் போனார்.

அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "கோயம்புத்தூர் காத்த குன்னூர்ல தேடுறீங்களேண்ணே. மேல வர வர காத்து லேசாயிரும்ல? இங்க நல்ல வண்டிக்கே இவ்வளவுதான் காட்டும்" என்றார். மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர், ஊட்டி என்று ஒரே மாதிரி வண்டிகளின் அளவை ஊர் ஊராக எழுதி வைத்திருந்தார். பிறகு என்னையே வண்டியில் ஏறச் சொன்னார். பிரேக்கை மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டேன். எஞ்சின் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகக் குனிந்திருந்தார். சென்சாருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் அடிமடிப்பில் ஒரு விரிசல் வாய் திறந்தது. எஞ்சின் நிமிர்ந்ததும் மூடிக்கொண்டது. "சென்சார் பொய் சொல்லலீங்க. ஏத்தத்துல இழுக்கறப்ப மட்டும் அதுக்குத் தெரியாம பின்னால காத்து போயிட்டிருக்கு" என்று டாக்ஸிக்காரரிடம் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நோட்ட வேணும்னா போட்டோ புடிச்சுக்கங்கண்ணே" என்று அன்று மாலை சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தக் கணக்கை நானாகவே கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு.

கடைசியில் நோய் வந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். முதலாளி இரண்டு முறை போய்ப் பார்த்தார். நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

கோத்தகிரியில் அடக்கத்தன்று சாலையின் ஒரு பக்கம் முழுக்க டாக்ஸிகள், ஜீப்புகள், தேயிலை ஃபேக்டரி வண்டிகள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கேயும் நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு அவருடைய கணவர் மகேந்திரனிடம் போய், உடைந்த சென்சாரைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க யாருங்க?" என்றார். பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல அவ ஆளுகளப் பத்திப் பேசமாட்டாளுங்க. வண்டியப் பத்தித்தான் பேசுவா. உங்க பேர நான் கேட்டதே இல்லீங்களே" என்றார்.

என் வீட்டில் பதினாறு ஆண்டுகளாகச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பெயர் வராத நாள் கிடையாது. என் மனைவி அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் எப்படிக் குனிவார், என்ன கேட்பார், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அப்படிக் கவனித்து வைத்ததுதான் இன்று என்னிடம் இருக்கிறது. பிடித்துப்போய்க் கவனித்திருந்தால் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருப்பேனா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல வேலையில் பாதி, அவரைப் பொறுக்கமாட்டாமல் பார்த்துப் பார்த்து வந்தது. அவர் கற்றுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒர்க்‌ஷாப்பில் முதல் வண்டி என்னிடம்தான் வருகிறது. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். வண்டியைச் சரிசெய்து சாவியைக் கொடுக்கும்போது, புஷ்பராணி பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள இன்னும் தலை தானாகத் திரும்புகிறது.