முகம் காட்டாத கோப்புகள்

சுங்கைப் பட்டாணி நகரில் நானும் என் கணவரும் ஒரு போட்டோ கடை வைத்திருக்கிறோம். படம் எடுப்பது நான். கணினியைப் பார்த்துக்கொள்வது அவர். அதில் லினக்ஸ் இயங்குதளம்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டு வைத்தவரும் அவரே. ஒருநாள் காலையில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் கரங்கானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய தம்பி விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். அந்தத் தம்பி மகளின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவள் நான்தான்.

"மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும் தங்கச்சி. ஐசி அடையாள அட்டைப் படந்தான் இருக்கு, அதுல அவன் மாதிரியே இல்ல. மூணு மணிக்கு ஒடம்ப எடுத்துருவோம்."

கல்யாணப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். முகங்கள் சின்னச் சின்னதாகத் தெரிய வேண்டிய இடத்தில், ஒரே மாதிரி சாம்பல் நிறக் கட்டங்கள். கீழே வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். வாழை இலை, நாதஸ்வரக்காரர், யாரோ ஒருவரின் முதுகு. மணப்பெண்ணின் அப்பா அன்று ஓரிடத்தில் நிற்கவே இல்லை. எங்கே போய்த் தேடுவது? பெரியவர் உட்காராமல் என் பின்னால் கைகட்டி நின்றார்.

கணவர் வந்தார். "ஒண்ணும் ஆகல லா. ஃபைல் எல்லாம் பத்திரமாதான் இருக்கு."

"இருந்து என்ன செய்ய? மூஞ்சி தெரியாம நான் யாரத் தேடுறது?" பெரியவர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

கேமராவின் மூலப் படங்களைச் சிறிதாக்கிக் காட்டும் நிரலை, மாற்றத்தின்போது கணினி தூக்கி எறிந்திருந்தது. அவர் அதைத் திரும்பப் போட்டார். அப்போதும் சாம்பல்தான். இணையத்தில் யாரோ இதையே கேட்டிருந்தார். அதற்கு ஒருவர், 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது' என்று பதில் போட்டிருந்தார். எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

கடைசியில் விஷயம் புரிந்தது. ஒரு படத்தைக் காட்ட ஒருமுறை முடியாமல் போனால், கணினி அதைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி முயன்றே பார்ப்பதில்லையாம். அந்தக் குறிப்புகளைக் கணவர் அழித்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக முகங்களாக மாறின.

"அந்தா! அந்தா அவன்!" பெரியவரின் விரல் திரையைத் தொட்டது.

படத்தில் அந்தத் தம்பி மண்டபத்தின் பின்வாசலில், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே நிறுத்தியிருந்த காடியில் ஏறினார்.

"நேரத்துக்குக் கெடச்சிருச்சுல்ல, அப்புறம் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கணவர்.

"என்னைக் கேக்காம என் படத்துல கை வச்சீங்க. கெடைக்காம போயிருந்தா அந்த மனுசன் என்னத்த எடுத்துட்டுப் போயிருப்பாரு?"

"கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குத்தானே மாத்துனேன்."

அன்றே கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன். பலமுறை கேட்டுவிட்டார். இன்னும் நான் சொல்லவில்லை.