அக்கா ருசி பார்க்க மாட்டாள்

என் அக்கா தான் சமைத்ததை ருசி பார்த்து நான் கண்டதில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். "பிள்ளைக வாயில வைக்கிறதுக்கு முன்னாடி நான் எச்சி பண்ணுவேனா?" என்பாள். அண்டா மூடியைத் தள்ளி, ஆவிக்கு முகத்தைக் காட்டி ஒரு மூச்சு இழுப்பாள். "புளி பச்சையா நிக்குது, இன்னும் ஒரு கொதி வரட்டும்." அவ்வளவுதான். முட்டை அட்டையைத் திறந்ததும் கெட்டது எந்த வரிசை என்று சொல்லிவிடுவாள்.

கம்பத்திலிருந்து அங்கே போக அவள் தினமும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், பேட்டரி ஸ்கூட்டர் வாங்கச் சொன்னது நான்தான். சைக்கிள் கடை வைத்திருப்பவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? "மெதுவாப் போற வண்டி. லைசென்ஸ் வேணாம், நம்பர் வேணாம், ஹெல்மெட்டும் வேணாம்க்கா" என்றேன். தேனி ஸ்கூட்டர் கடைக்காரர் சொன்னதை என் சொந்தப் புத்தி போலச் சொன்னேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏலே, பூனை முதுகுல உக்காந்து போற மாதிரி இருக்குடா. சத்தமே இல்ல!"

என் கடையில் பழைய ஹெல்மெட் ஒன்று கிடந்தது. மாட்டிப் பார்த்தவள் உடனே கழற்றினாள். "அண்டாவைக் கவுத்துன மாதிரி இருக்கு. கொண்டையையும் பூவையும் எங்கிட்டு வைக்க?" இருவரும் சிரித்தோம். நான் அதை ஆணியில் மாட்டினேன்.

அந்தப் பூனை நடைதான் வினையானது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு காலை நேரம். தலையில் பழப்பெட்டியோடு முன்னால் நடந்த பெண், பின்னால் வண்டிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்க்காமலே சாலையைக் கடந்தாள். அக்கா பிரேக் பிடித்தாள். மணலில் சக்கரம் வழுக்கியது. பின்மண்டை வாய்க்கால் கட்டையில் மோதியது.

தகவல் கேட்டு நான் போனபோது நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் வரலண்ணே, சாமி புண்ணியம்" என்றாள் பழப்பெட்டிக்காரி. முடியை விலக்கிப் பார்த்தேன். ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

"ஸ்கூட்டருக்கு ஒண்ணும் ஆகலயேடா?" என்று கேட்டாள் அக்கா. இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். பிறகு மறுபடியும். "வண்டி மேல இம்புட்டுப் பாசமா!" என்று கேலி செய்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய், "தூங்குக்கா, சரியாப் போகும்" என்றேன். சாயங்காலம் வாந்தி எடுத்தாள். சோடா ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மறுநாள் எழுப்ப எழுப்ப எழாதபோதுதான் தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மண்டையோட்டில் கீறல், உள்ளே ரத்தக் கசிவு. படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் கேட்டார்: "ரத்தம் வெளிய வந்தாத்தான் அடியா? மெதுவாப் போனா ரோடு மெத்தையா ஆயிருமா?"

பிழைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போன முதல் நாள், நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். ஒரு சிறுமி தட்டோடு வந்து நின்றாள்.

"ஆயாம்மா, இந்த முட்டை நாறுது."

அக்கா அதை மூக்கருகே பிடித்தாள். இழுத்தாள். திருப்பிப் பிடித்து மறுபடி இழுத்தாள். நான் நின்ற வாசல்வரை குப்பென்று நாற்றம் வந்தது.

"எங்கடி நாறுது?" என்றாள் அக்கா.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அடிபட்டதில் வாசனை நரம்பு போயிருக்கும், திரும்பினாலும் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பவில்லை.

தலைமையாசிரியை நல்லவர். "வேற யாரையாச்சும் மோந்து பாக்கச் சொல்லிக்குவோம், நீங்க இருங்க" என்றார். அக்கா சமையலறைச் சாவியை மேசையில் வைத்தாள். "பிள்ளைக என் மூக்கை நம்பித்தான் சாப்பிட்டுச்சுக டீச்சர். ஒரு நாள் தப்பிச்சு வயித்துக்குள்ள போயிருச்சுன்னா?"

ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். ஹெல்மெட் இன்னும் என் கடை ஆணியில் தொங்குகிறது. பேட்டரி வண்டியில் வருகிறவர்களிடம், "தலையில போட்டுட்டுப் போங்க, நாளைக்குத் திருப்பிக் குடுங்க" என்பேன். "இந்த வேகத்துக்கா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

இப்போதும் காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனால், காப்பி போடுவதற்கு முன் பால் பாத்திரத்தை என் முன்னே நீட்டுவாள்.

"மோந்து சொல்லுடா. நல்லாருக்கா?"