ஏரிக்கரையில் வெள்ளை ஆந்தை
தொண்ணூறுகளில் ஒரு ஜனவரிச் சனிக்கிழமை, வெள்ளை ஆந்தையைப் பார்க்கும் ஆசையில் மனைவியையும் ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன். மூன்று குளிர்காலமாகத் தேடியும் அது என் கண்ணில் பட்டதில்லை. அவளுக்குக் குளிருமே என்று குனிந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது.

"இஞ்சருங்கோ, உந்தப் பாறையிலை! ஆந்தையார் எங்களைத்தான் பாக்கிறார்!" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்து நிமிர்ந்தபோது பாறை வெறுமையாக இருந்தது.

"பறந்திட்டுதோ?"

"ஓம். மூண்டு வருசமாத் தேடின ஆளுக்கு இப்பத்தான் தேத்தண்ணி ஊத்தவேணும்!"

வீடு திரும்பும் வழியில் வெக்ஸ்போர்ட் சிக்னலில் கார் நின்றபோது அவள் வெள்ளைச் சால்வையால் தலையை மூடி, தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் என் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

"இப்பிடித்தான் பாத்தவர்."

அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்த ஆந்தை அதுதான்.