முப்பத்தொரு நாள் துடக்கு

எட்டாம் மாதத்தில் என் மகள் உயிரில்லாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். என் கணவரின் மூக்கு, அதே சப்பை. எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அறிவித்தவர் பெரியம்மா. எங்கள் குடும்பத்தில் துடக்கு, தீட்டு விஷயங்களுக்கு அவர்தான் நீதிமன்றம். மூச்சு விடாததற்குச் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, பெயரும் இல்லை. என் கணவரும் என் தம்பியும் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள், மறுநாளே கோயிலுக்குப் போகலாம் என்று தீர்ப்பானது. எனக்கு மட்டும் முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்கு, சாமியறைப் பக்கமே போகக் கூடாது. பிள்ளை இல்லையென்றால் எந்தப் பிள்ளையைப் பெற்ற துடக்கு என்று கேட்டேன்.

"அதப் புள்ளயெண்டு சொல்லாத மனே," என்றார்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. அந்தத் தீர்ப்பு என் மார்புக்கு மட்டும் எட்டவில்லை போலும். பால் வற்ற மல்லிகைப்பூவைக் கட்டிவிட்டார் பெரியம்மா. கல்யாணப் பெண் மாதிரி மணத்துக்கொண்டு கிடந்தேன்.

துக்கம் இல்லாத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி பால்மாப் பெட்டியோடு வந்தாள். இன்னொருத்தி, ஆறாம் மாதத்தில் பாசிக்குடாக் கடலில் கால் நனைத்ததுதான் காரணம் என்றாள். டொக்டருக்கே பிடிபடாத காரணம், வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் என் கணவர் "ஓம் மாமி" என்றார். மனைவி வீட்டில் குடியேறும் எங்கள் ஊர் மாப்பிள்ளைகளுக்குத் தலையாட்டத் தனியாகப் பழக்கத் தேவையில்லை. பெரியம்மா மீது வந்த கோபத்தைவிட அந்த மனுசன் மீது வந்த கோபம் பெரிது. இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. இறந்த தன் தகப்பனுக்குக் கடன் கழிக்க அவர் வருடந்தோறும் அமிர்தகழி மாமாங்கக் கோயிலுக்குப் போவார். இந்த முறையும் போனோம். பெரியம்மா இல்லாமலா? தீர்த்தக் கரையில் ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டார், என் கணவர் சொன்னார். வேறு யாரும் உண்டா என்று ஐயர் கேட்டார்.

"மகள்," என்றார் என் கணவர். கூடவே ஒரு பெயரையும் சொன்னார்.

நான் அதுவரை கேட்டிராத பெயர். இங்கே எழுதமாட்டேன், அதற்கும் அபிப்பிராயம் சொல்ல வாழைச்சேனையில் பஸ் ஏறிவிடுவார்கள்.

பெரியம்மா குனிந்து, "தம்பி, அதுக்கு இதெல்லாம் செய்யிறல்ல," என்றார்.

"நான் செய்யிறன் மாமி."

எள்ளும் தண்ணீரும் ஏந்திக் கையை நீட்டினார். கூட்டத்து இரைச்சலில் ஐயர் பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டார். யாரையும் எதிர்த்துப் பேசியறியாத என் கணவர் அவரை நிறுத்தி, பெயரை முழுதாகத் திரும்பச் சொன்னார். ஐயரும் சொன்னார். மூன்றாவதாக நான் சொன்னேன், பெரியம்மாவுக்குக் கேட்கும்படி.