ஒட்டும் ஓட்டும்

தையல் ஆலையில் அவளை மத்தளம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குண்டு என்று நினைத்துவிட வேண்டாம், ஒல்லிக்குச்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதில் வந்த பெயர். அவள் சமூக ஜனநாயகக் கட்சிக்காரி. முதலாளியின் ஆட்களுக்கு அவள் சிவப்பு. புரட்சி பேசுகிறவர்களுக்கோ முதலாளிக்குக் கால் பிடிக்கிறவள். "அடிச்சுட்டுப் போகட்டும். அடிச்சாத்தானே மத்தளம் பேசும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மிஷினை மிதிப்பாள்.

புரட்சி பேசுகிறவர்களில் முதல் ஆள் அவளுடைய சொந்த அண்ணன். அதே ஆலையில் துணி வெட்டுகிற வேலை. ஒரு கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கனமாக அடுக்கிய துணியை மின்கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுவான். அரசியலிலும் அதே புத்திதான். இருப்பதை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பான்.

"உங்க கட்சிக்குத் தெரிஞ்சது ரெண்டே வேலை. ஓட்டுப் போடுறது, ஒட்டுப் போடுறது."

"நீ வெட்டிக்கிட்டே இரு. சட்டை தானா வந்து மாட்டிக்குமாக்கும்."

வாய்தான் இப்படி. அவள் புருஷன் செத்த நாளிலிருந்து அவளுடைய மகனைக் காலையில் பிள்ளைகள் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது அண்ணன்தான். காப்பகப் பதிவிலும் பாதுகாவலர் என்று அவன்தான் இருந்தான்.

காப்பகம் ஆலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. நகரசபை வரிப்பணத்தில் கட்டியது. அதைக் கட்டவைக்க மத்தளம் ஏறாத படி இல்லை, பேச்சு வாங்காத வாசல் இல்லை. யார் பிள்ளையானாலும் இடம் உண்டு, யாருக்கும் கட்டணம் கிடையாது. மேனேஜர் மகளும் ஆலையைக் கூட்டுகிறவளின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாலைக் குடித்து ஒரே மாதிரி பால்மீசை வைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்த நகரசபைக்கு அது பொறுக்கவில்லை. கட்டணம் கட்டுகிறவர்களின் பிள்ளைகள் முன்கூடத்தில் இருக்கட்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பின்கூடம் என்றது. பின்கூடம் என்றால் கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. பெற்றோர் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவாகும்வரை இது சோதனை ஏற்பாடாம். ஏழைப் பிள்ளையை அடையாளம் காண, காப்பகத்தில் பிள்ளைகள் மாட்டுகிற ஏப்ரனில், நெஞ்சுக்கு நேராக ஒரு மஞ்சள் ஒட்டு. ஏப்ரன் தைப்பது இந்த ஆலைதான். ஆகவே எல்லாப் பிள்ளைகளின் ஏப்ரன்களும் மஞ்சள் துண்டுகளும் வந்து விழுந்தது மத்தளத்தின் மிஷின் மேலேயே.

"உன் பையனும் இலவசத்துல வர்றான். சந்தோஷம்தானே?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் போனார்.

பக்கத்து மிஷின்காரி எட்டிப் பார்த்தாள். "நல்லதுதானே அக்கா? பணக்காரன் காசு கட்டட்டுமே."

"கட்டட்டும். வரியாக் கட்டட்டும், நல்லாவே கட்டட்டும். பிள்ளைங்க வாசல்ல எதுக்குப் பிரிக்கணும்? ஏழைக்குன்னு தனியா ஒதுக்கினது எது உருப்பட்டிருக்கு, சொல்லு பார்ப்போம். இன்னைக்குத் தனி ரூம். நாளைக்குத் தண்ணிப் பால். அந்த ரூம்ல நம்ம பிள்ளைங்க மட்டும்தான் இருக்கும்னா யாரு வந்து கேக்கப் போறா?"

பக்கத்து மிஷின்காரி ஊசியில் நூல் கோத்தாள்.

மத்தளம் மகனுடைய ஏப்ரனைக் கையில் எடுத்தாள். கழுத்துப்பட்டியில் அவன் பெயர் இருந்தது. ஏழை என்றால் என்னவென்றே தெரியாத பயல். அதை நெஞ்சில் ஒட்டி அவனுக்குச் சொல்லித்தரப் போகிறார்கள், அதையும் பெற்றவள் கையாலேயே தைத்து! எழுந்து நேராக வெட்டு மேசைக்குப் போனாள்.

"அண்ணே, மஞ்சள் துணி மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"எல்லா ஏப்ரனுக்கும் ஒட்டுப் போடப்போறேன்."

"மேனேஜர் பொண்ணுக்குமா?"

"அவளுக்குத்தான் முதல்ல."

"முதலாளி பக்கத்துப் பிள்ளைக்கு நான் ஏன் துணி வெட்டணும்?"

"வெட்டுறதைத் தவிர உனக்கு வேற என்ன தெரியும்? வெட்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையுறையை இழுத்து மாட்டினான்.

பொடித் தையலாக இரண்டு சுற்றுப் போட்டாள். பிரித்தால் துணியும் கூடவே கிழியும், அப்படித் தையல்.

மறுநாள் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள். யாரைப் பின்கூடத்துக்கு அனுப்புவது என்று ஆயாக்கள் விழித்தார்கள். கடைசியில் எல்லோரையும் முன்கூடத்திலேயே உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் மேனேஜர் தன் மகளின் ஏப்ரனைத் தூக்கிக்கொண்டு ஆலையில் மத்தளத்திடம் வந்தார்.

"தப்பாத் தைச்சிருக்கே. பிரி."

"எல்லாத்துலயும் பிரிக்கச் சொல்லுங்க, பிரிக்கிறேன். இதுல மட்டும்னா மாட்டேன் சார்."

"வேலை போயிடும். பையன் இருக்கான், யோசிச்சுக்கோ."

அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "அவனை யோசிச்சுத்தான் சார் தைச்சேன்."

"சாயங்காலம் கூட்டத்துல ஓட்டு முடியட்டும். அப்புறம் உன்னைக் கவனிச்சுக்கிறேன்."

சாயங்காலம் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் எழுந்து, இல்லாதவர்கள் மேல் உள்ள இரக்கத்தால்தான் இந்த ஏற்பாடு என்றார்.

மத்தளம் எழுந்தாள். "இரக்கத்தை நீங்களே வச்சுக்குங்க. இந்தச் செவுத்துல எங்க வரியும் இருக்கு, உங்க வரியும் இருக்கு. உங்க பொண்ணு இங்கதான் இருக்கணும். அப்பத்தான் பால்ல தண்ணி ஊத்துனா என் வாயோட உங்க வாயும் திறக்கும். உங்களை வெளிய தள்ள நான் வரல சார், பக்கத்துல உக்கார வைக்கத்தான் வந்திருக்கேன். ஆனா என் பையன் நெஞ்சுல ஏழைன்னு ஒட்ட உங்களுக்கு உரிமை கிடையாது."

தலைமை ஆயா தொண்டையைச் செருமினாள். "ஒட்டு வேண்டாம், பழையபடி ஒரே கூடம்தான் வேணும்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் பக்கத்து மிஷின்காரி தூக்கினாள். பிறகு ஆலையைக் கூட்டுகிறவள். கட்டணம் கட்ட வசதியுள்ள கடைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கித் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். மத்தளம் வாசல் பக்கம் திரும்பினாள். அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஓட்டு என்பது அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கிற கிலுகிலுப்பை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவன், வேலையிலிருந்து நேரே வந்தவன், இரும்புக் கையுறையோடு கையைத் தூக்கி வைத்திருந்தான்.

ஆயா எண்ணினாள். ஒரே கூடம் என்று முடிவானது.

மேனேஜர் நாற்காலியிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்தார். "நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு வா."

"வர்றேன் சார். சங்கத்தையும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

கூட்டம் கலைந்தது. அவள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, கையை இறக்கு. ஜெயிச்சாச்சு, எண்ணி முடிச்சுட்டாங்க."

"இருக்கட்டும்" என்றான் அண்ணன். "இவனுங்க திரும்ப எண்ணுவானுங்க."