அக்காவின் ‘சும்மா’ ஃபோல்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பட்டியலின் நகல் இருக்கிறது. அதைச் சுற்றி நடந்தவை:

1. சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தின் பொது டிரைவில் பல வருடங்களாகச் சேர்ந்த கோப்புகளைப் புதிய ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றும் வேலைக்கு, ஒப்பந்தத்தில் போனேன்.
2. எதை மாற்றுவது, எதை விடுவது என்று பட்டியல் போட்டேன்.
3. நாற்பத்தோராவது வரி: ‘சும்மா’ – தேவையில்லை.
4. அங்கே உதவியாளராக இருந்த அக்கா அதில் கையெழுத்திட்டார்.
5. பழைய சர்வர் அழிக்கப்பட்டது.

விசாரணை அதிகாரியிடம் இந்த ஐந்தையும் இப்படியே சொன்னேன். ஐந்தும் உண்மை. இடையில் நடந்ததை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்கள். விசைப்பலகையை அவர் அடிப்பது அடுத்த அறைவரை கேட்கும். ஃபோல்டர்களுக்கு அவர் வைத்த பெயர்களைப் பார்த்து முதல் நாளே சிரித்துவிட்டேன். ‘சார் கேட்டது’, ‘சார் மறந்தது’, ‘அவசரம்’, ‘அவசரம் புதுசு’. கடைசியில் ‘சும்மா’. அது என்ன என்று கேட்டதற்கு, “அத நோண்டாத மக்கா, அது சும்மா கெடக்கட்டும்” என்றார். தொடாதே என்று அவர் சொன்னார். ஒன்றுமில்லாதது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திறந்து பார்க்காமல் இல்லை. நூற்றுக்கணக்கான படங்கள், பெயருக்குப் பதில் வெறும் எண்கள். மூன்றைத் திறந்தேன். ஓரம் கறையான் அரித்த பழைய உத்தரவுகள். புதிய மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் பொருள், ஆண்டு, கோப்பு எண் கொடுத்தாக வேண்டும். அதற்கு மூன்று வாரமாவது ஆகும்; என்னிடம் நான்கு நாள்தான் இருந்தது. குப்பை என்று நினைத்தேன். நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

பட்டியலை நீட்டியபோது அக்கா தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “என்னட்டி எழுதிருக்க? கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

“சும்மா ஒரு கையெழுத்துதான் அக்கா.”

“சும்மான்னா போட்டுருதேன்” என்று சிரித்தபடி போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, புதிய மென்பொருளைப் பழக்கிக்கொடுக்க நான் அங்கேயே இருந்தபோது, இளையரசனேந்தல் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய வீட்டுமனை உத்தரவு மழையில் ஊறிப் போயிருந்தது. அலுவலகத்தில் அது இருந்த கோப்புக் கட்டைக் கறையான் தின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரோ மனையில் பாதி தன்னுடையது என்று கல் ஊன்றிவிட்டார். “பயப்படாதீங்க அண்ணாச்சி, எங்கிட்ட படம் இருக்கு” என்று அவரை உட்காரவைத்த அக்கா, கணினியில் தேடினார். திரும்பத் திரும்பத் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, “ஏட்டி, என் சும்மாவ எங்க?” என்றார். அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

இடம் போதவில்லை என்று முன்பொரு அதிகாரி கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாராம். இது என்ன என்று அவர் கேட்டபோது, “சும்மா, சார்” என்று சொல்லித் தப்பவைத்த ஃபோல்டர் அது. கட்டுகளைக் கறையான் முழுதும் தின்பதற்குள் மதிய உணவு நேரங்களில் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்திருக்கிறார். அதிகாரியிடமிருந்து காப்பாற்றிய பெயரே என்னிடம் அதைக் காட்டிக்கொடுத்தது.

கையெழுத்து அக்காவுடையது; விளக்கம் கேட்ட மெமோவும் அவருக்கே வந்தது, பிறகு விசாரணையும். பதிலில் அவர் என் பெயரை எழுதவில்லை. எனக்கு, குறித்த நாளுக்குள் வேலையை முடித்ததற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பேருந்து நிலையத்தில் ஒருமுறை அக்காவைப் பார்த்தேன். “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிப்போனார். திட்டியிருக்கலாம்.

இன்றைய நிலை இது. பட்டியலின் மூலத்தாள் ஸ்கேன் செய்யப்பட்டு, புதிய மென்பொருளில் ‘நிரந்தரப் பாதுகாப்பு’ வகையில் இருக்கிறது; அதை யாராலும் அழிக்க முடியாது. ‘சும்மா’ இல்லை. பெரியவரின் மனையில் அந்தக் கல் அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு ஓய்வு நாள் கடந்தும் விசாரணை முடியவில்லை, ஓய்வூதியம் நிற்கிறது. நடந்ததை எழுதிக்கொடுக்க எனக்கு ஒரு பக்கம் போதும். நகல் இழுப்பறையில் இருக்கிறது. நான் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை.