அடுக்கின் மேலிருந்த மூன்று கற்கள்

அவளை எல்லோரும் பாட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வதுண்டு. அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. எந்த மனைக்குப் போனாலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண்ணும் பாதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்துவிட்டு வருவாள். மறுநாள் அடியில் மணல் எவ்வளவு, மேலே களிமண் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கலவை சொல்வாள். கொஞ்சமாகச் சிமென்ட் சேர்த்து, கையால் இழுக்கும் இயந்திரத்தில் அமுக்கினால் சுவர் கட்டும் கல். சூளையும் கிடையாது, விறகும் கிடையாது. சாக்கு போட்டு மூடி மூன்று வாரம் தினமும் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். பதினொரு வருடத்தில் அவள் கல்லில் நாற்பது வீடுகள் எழுந்துவிட்டன. அவள் குடியிருந்ததென்னவோ தகரம் போட்ட வாடகை அறையில்.

ஒருவழியாகச் சொந்தமாக ஒரு துண்டு மனை வாய்த்தது. சுவர் இடுப்பு உயரம் வந்தபோது கட்டட அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லைச் சோதிப்பார்களாம், தேறாவிட்டால் சுவரை இடித்துவிட வேண்டுமாம். அவள் அசரவில்லை. கணவர்தான் பயந்துபோனார். வேன் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், பயம் வந்தால் மட்டும் எதையாவது செய்துவைப்பார்.

இன்ஜினியர் வந்தார். மனையோரம் இருந்த கல் அடுக்கின் மேலே கைக்கு எட்டிய மூன்று கற்களை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் மூன்றும் மூலை கரைந்து கிடந்தன. தொட்டால் உதிர்ந்தன. அவர் பேனாவைத் திறந்தார்.

"சார், இது என் கல்லு இல்ல" என்றாள்.

"உங்க அடுக்குலேருந்துதானேம்மா எடுத்தேன்?"

அவள் ஒரு கல்லை உடைத்துக் காட்டினாள். "மண்ணைச் சலிக்கவே இல்ல, சார். சிமென்ட் ரெண்டு மடங்கு. ஒரு நாள் கூட நனைக்காம வெயில்ல காயப் போட்டிருக்காங்க."

வேனுக்குப் பின்னால் நின்றிருந்த கணவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "நான்தான் செஞ்சு மேல வச்சேன். சிமென்ட் கூடப் போட்டா கல்லு கெட்டியா இருக்கும், பாஸாயிடும்னு நெனச்சேன்."

உப்பு கூடினால் ருசி கூடும் என்று நம்புகிற ஜாதி.

"பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா ஆச்சாக்கும்" என்றார் இன்ஜினியர். பேனாவை மட்டும் மூடவில்லை.

"இனிமே அடுக்குல எடுக்க வேணாம், சார். சுவத்துலேருந்தே எடுங்க. எந்தக் கல்லுன்னு நீங்களே காட்டுங்க."

அவர் காட்டிய மூன்று கற்களை அவளே உளி வைத்துப் பெயர்த்தாள். கட்டிய கையால் பெயர்ப்பது அவளுக்கு வலித்தது. அந்த மூன்றும் ஒரு பகலும் இரவும் தண்ணீரில் கிடந்தும் விளிம்பு மழுங்கவில்லை. ஆபீசில் நசுக்கிப் பார்க்கும் சோதனை இயந்திரத்திலும் தேறின. இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கணவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம கல்லுன்னா சும்மாவா!" என்றார்.

"ஆபீசரு என்னை நம்பல. அது அவரு வேலை" என்றாள் அவள். "நாப்பது வீட்டுல புள்ளை குட்டியோட என் கல்லை நம்பித்தான் படுத்துத் தூங்குறாங்க. என்கூடக் குடும்பம் நடத்துற உங்களுக்கு மட்டும் நம்பிக்கை இல்லாமப் போச்சே."

தேறிய சுவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள்.